புளியங்குடி ஓட்டு

குடுங்க அண்ணாச்சி, எனக்குத்தான். முன்னாடி உக்காந்திருக்க பச்சைச் சட்டைதான குடுத்துவிட்டாரு? மாத்திரை போடுற நேரம். எனக்கு மறந்துரும், அவனுக்கு மறக்காது. அதான் தண்ணிய அனுப்புதான். ரொம்ப நன்றி. உங்களுக்குச் சொல்லுதேன் நன்றி, வாங்கிக் குடுத்தது நீங்கதான.

இல்ல, நாங்க பேசிக்கிறதில்ல. அதான் உங்க கை வழியா வருது. பேசலன்னதும் சண்டைன்னு நினைச்சிராதீங்க. சண்டை போடணும்னாலும் பேசணும்லா? அவனுக்கு ஜன்னலோரம் வேணும், எனக்குக் காத்து ஆகாது. அதனால தனித்தனியா டிக்கெட் எடுத்தோம். அவ்வளவுதான் விசயம்.

நீங்க எதுவரைக்கும்? தாராபுரமா. மக வீடா? நல்லது. நாங்க கோயம்புத்தூர். அப்ப நேரம் இருக்கு, சொல்லுதேன். நானா யார்கிட்டயும் பேசுற ஆள் கிடையாது, நீங்க கேட்டதால சொல்லுதேன்.

அவன் பேரு மைதீன் பிச்சை. நான் குத்தாலிங்கம். புளியங்குடி. கே.எம். நெட்டுன்னு கம்பெனி, கே நான், எம் அவன். டிவி ஆன்டெனா காலத்துலயே ரெண்டு பேரும் சேந்து மொட்டை மாடியில டிஷ்ஷ வச்சு ஊருக்குக் கேபிள் இழுத்தோம். இப்ப இன்டர்நெட். வேலைய முதல்லயே பிரிச்சுக்கிட்டோம். போஸ்ட்டுல ஏறுறது, வயர் ஒட்டுறது, மிசினப் பாக்கிறது அவன். ஜனங்களப் பாக்கிறது நான். எது கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க. போஸ்ட்டு திருப்பிக் கேள்வி கேக்காது.

இந்த இன்டர்நெட்டுல ஒரு சூட்சுமம் இருக்கு அண்ணாச்சி. நீங்க ஃபோன்ல ஒண்ணத் தட்டுதீங்க, பதில் வருது. யாருக்குப் பதில் அனுப்பணும்னு அந்தப் பக்கம் இருக்கவனுக்குத் தெரியணும்லா? அதுக்கு ஒரு எண்ணு வேணும். கதவு எண் மாதிரி வச்சுக்கோங்க. நம்ம ஊர்ல வாசல்ல ரெண்டு எழுதியிருக்கும் பாத்தீங்களா, பழைய எண், புதிய எண்ணு? அதே கதைதான் இங்கயும். பழைய எண்ணு தீந்து போச்சு. உலகம் பூராவுமே தீந்து போச்சு. முதல்ல வந்தவன் மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போயிட்டான். நாங்க கடைசியில வந்தோம், ஒரு கைப்பிடி கிடைச்சுது. அதை வச்சு ஊரே ஓடுது. ஒரே காம்பவுண்டு, உள்ள அத்தனை குடித்தனம், வாசல்ல ஒரே கதவு எண். புரியுதுல்லா? உள்ள எவனாவது ஒருத்தன் ஏதாவது திருகுதாளம் பண்ணுனா, வெளியில இருக்கவன் காம்பவுண்டையே பூட்டிட்டுப் போயிருவான்.

புது எண்ணா? அது கிடக்கு, ஆத்து மணல் மாதிரி. நாங்க இன்டர்நெட் தொழிலுக்குப் பதியும்போதே எங்களுக்கும் குடுத்து வச்சிருந்தாங்க. கேக்காமலே குடுத்தாங்க. கேக்காமக் குடுக்கிற பொருள் எப்படி இருக்கும்? நான் அதைப் பெரிசா எடுத்துக்கலை. எங்க தெருவுல புதிய எண் எழுதி எவ்வளவோ வருசம் ஆச்சு, இன்னைக்கும் தபால்காரர் பழைய எண்ணு என்னன்னுதான் கேக்காரு.

இந்த எண்ணையெல்லாம் பதிஞ்சு குடுக்கிறதுக்கு ஒரு சங்கம் இருக்கு. எண் பதிவகம். எங்கள மாதிரி இன்டர்நெட் குடுக்கிற கம்பெனிங்கதான் அதுல உறுப்பினர். முதலாளின்னு ஒருத்தரும் கிடையாது, நாங்களேதான். ஆபீசர்மாரு இருக்காங்க, ஆனா அடுத்த வருசம் என்ன வேலை செய்யணும்னு உறுப்பினர்களைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும். அதுக்கு வருசத் திட்டம்னு பேரு. ஊர் ஊரா வந்து கருத்துக் கேப்பாங்க, எழுதுவாங்க, பெறகு பெரிய கூட்டம் போட்டு ஓட்டுக்கு விடுவாங்க. உறுப்பினர்ல பாதிப்பேருக்கு இப்படி ஒண்ணு நடக்கதே தெரியாது. எனக்கும் தெரியாது. தங்கபுஷ்பம் விசயம் நடக்கலைன்னா தெரிஞ்சிருக்காது.

தங்கபுஷ்பம் எங்க ஊர் எலுமிச்சை மண்டியில எடை போடுறவர் மக. நர்ஸுக்குப் படிச்ச புள்ள. அரசாங்க ஆஸ்பத்திரியில வேலைக்கு ஆள் எடுத்தாங்க, ஆன்லைன்லதான் விண்ணப்பம் போடணும். கடைசி நாள். ஊர்ல இன்னும் கொஞ்சப் பேரும் அதையே போடுதாங்க. சிம் நெட்டு எங்க ஊர்ல இழுவை, அதனால எல்லாரும் எங்க லைன், எல்லாருக்கும் ஒரே எண்ணு. அந்தப் பக்கம் இருக்க மிசினு என்ன நினைக்கும்? ஒரே ஆள் விடாமத் தட்டுதான், இவன் சரியில்லன்னு நினைக்கும். பூட்டிருச்சு. காலையில பூட்டுனது, சாயங்காலம் வரைக்கும் தொறக்கலை.

அவ அம்மா ஆபீசுக்கு வந்தாங்க. சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தா எனக்கு வசதி, நானும் போட்டிருப்பேன். "வேற ஏதாவது வழி இருக்கா?"ன்னு மட்டும் கேட்டாங்க. மைதீன் அந்தப் புள்ளையவும் அம்மாவையும் ஆட்டோவுல ஏத்தி, இவன் பைக்குல முன்னால போயி, கடையநல்லூர்ல ஒரு பிரவுசிங் கடையில உக்கார வச்சான். பேரும் பிறந்த தேதியும் அடிச்சு முடிக்க முன்னால நேரம் முடிஞ்சு போச்சு. ஒரு வருசம் போச்சு அந்தப் புள்ளைக்கு.

எனக்கு உடம்பெல்லாம் கொதிக்கு. "இதை விடக்கூடாதுல மைதீன், பழைய எண்ண மூட்டை கட்டி வச்சிருக்கவன் சும்மா வச்சிருக்கான், நம்ம ஊர்ப் புள்ள வேலை இல்லாம நிக்கி"ன்னு கத்துதேன். இவன் பாட்டுக்கு மிசின் முன்னால போய் உக்காந்துக்கிட்டான். அவன் அப்படித்தான். சூடு சொரணை கொஞ்சம் கம்மி.

அந்த நேரம் பாத்துத்தான் திருநெல்வேலியில கருத்துக் கேக்குற கூட்டம்னு மெசேஜ் வந்துது. போனேன். ஹோட்டல்ல ஹால் போட்டு, வரிசையா நாற்காலி. லின்ஸி மேடம்னு ஒரு ஆபீசர், கேரளத்துப் பொண்ணு, நம்மள விட நல்லாத் தமிழ் பேசுது. திட்டம் போடுற பொறுப்பு அதுக்கிட்டதான். உறுப்பினர்னு பாத்தா நான் ஒருத்தன். இன்னொருத்தரும் உக்காந்திருந்தாரு, அவரு சிம் கார்டு மாத்துற இடம்னு நினைச்சு வந்தவரு. சாப்பாடு வேற நிறையச் சொல்லியிருந்தாங்க.

நான் பேசினேன். சாப்பாட்டுக்கு முன்னால பேசினேன், சாப்பிட்டுட்டும் பேசினேன். அந்தப் பொண்ணு எல்லாத்தையும் எழுதிக்கிட்டுது. கடைசியில, "சார், உங்களுக்குப் புது எண் ஏற்கெனவே குடுத்திருக்கோமே, அதை நீங்க இன்னும் போட ஆரம்பிக்கலையே?"ன்னுது. "அது கிடக்கட்டும்மா"ன்னேன். "பெரிய கம்பெனி, அரசாங்கத் தளம் எல்லாம் புது எண்ணையும் போட்டுட்டாங்க சார். உங்க ஊரு பாதிப்பேர் அந்தப் பக்கமாப் போயிட்டா, பழைய எண்ல இவ்வளவு நெரிசல் வராது"ன்னுது. நான் சொன்னேன், "அம்மா, நீங்க சொல்லுதது தொழில்நுட்பம். நான் சொல்லுதது நியாயம்." அந்தப் பொண்ணு பேனாவ மூடி வச்சிருச்சு. அசந்து போச்சுன்னு நினைக்கேன்.

ஆனா நான் சொன்னத அந்தப் பொண்ணு விட்டுரலை அண்ணாச்சி. அதைச் சொல்லணும். திட்டத்துல ரெண்டு வழி போட்டிருந்தாங்க. ஆபீசர்மாரு கொஞ்சப் பேருதான், ரெண்டையும் செய்ய ஆள் காணாது, உறுப்பினர் ஒண்ண எடுக்கணும். முதல் வழி, ஆபீசருங்க சின்ன ஊர்களுக்கு நேர்ல வந்து புது எண்ணைப் போட்டுக் குடுத்துட்டுப் போறது. ரெண்டாவது வழி, பெரிய ஆளுங்ககிட்டச் சும்மா கிடக்க பழைய எண்ணைத் தேடிப் பிடிச்சு, பேசி வாங்கி, சின்ன ஊர்களுக்குப் பங்கு வைக்கிறது. ரெண்டாவது வழி என் வழி. வரிக்கு வரி நான் சொன்னது.

அதுக்கப்புறம் எனக்கு வேற நினைப்பே இல்ல. உறுப்பினர் ஒவ்வொருத்தரா ஃபோன் போட்டுப் பேசுதேன். கரூர், திருப்பத்தூர், காரைக்கால்... முகம் தெரியாதவங்க. என் வீட்டுக்காரி கோமதி சொல்லுதா, "என்கிட்ட இவ்வளவு பேசியிருந்தா இந்த வீட்டுக்கு ரெண்டு மாடி கட்டியிருக்கலாம்"னு. பேசுறதுக்கும் மாடி கட்டுறதுக்கும் என்ன சம்பந்தம்? பொம்பளைங்க சொல்லுவாங்க.

மைதீன் ஒருநாள் என்னைய மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனான். டிஷ்ஷ வச்சோம்னு சொன்னேன்லா, அதே மாடி. "லிங்கம், நான் வடக்குத் தெருவுல நாலஞ்சு வீட்டுக்குப் புது எண்ணப் போட்டுப் பாக்கட்டா? எனக்குப் பாதி புரியுது, பாதி புரியலை. அந்த மேடத்துக்கிட்டக் கேட்டா சொல்லித் தருவாங்க"ன்னான்.

"கூட்டம் முடியட்டும்ல"ன்னேன்.

"கூட்டத்துக்கும் இதுக்கும் என்ன?"

என்ன கேள்வி பாருங்க. நாமளே ஊர்ல சரி பண்ணிட்டா நான் அங்க போய் நின்னு என்னத்தச் சொல்ல? எங்க ஊர்ல கஷ்டம்னு சொல்லணும்னா ஊர்ல கஷ்டம் இருக்கணும்லா? அதை அவனுக்கு விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கிட்டான். ஒண்ணும் சொல்லாம இறங்கிப் போயிட்டான். சம்மதம்னு நான் எடுத்துக்கிட்டேன்.

கடலை சாப்பிடுங்க. வறுத்ததுதான், எண்ணெய் இல்ல.

சென்னையில கூட்டம். ஏசி ஹாலு, கழுத்துல மாட்ட பேர் அட்டை. என் முறை வந்துது. கையில காகிதம் ஒண்ணும் கிடையாது. தங்கபுஷ்பத்தப் பத்திச் சொன்னேன். பேரு, அப்பா பேரு, மண்டி, அந்தப் புள்ள ஆட்டோவுல அழுதுக்கிட்டே போனது, நர்ஸு உடுப்ப இஸ்திரி போட்டு வச்சிருந்தது... உடுப்பு விசயம் நானாச் சேத்தது, இருக்கலாம்னு தோணுச்சு. முன் வரிசையில ஒரு அம்மா மூக்கு உறிஞ்சுதாங்க. முடிச்சதும் கைதட்டு. காப்பி குடிக்கும்போது எத்தனை பேரு வந்து கையக் குடுத்தாங்கங்கீங்க. "அருமையாப் பேசுனீங்க சார்"னு லின்ஸி மேடமே வந்து சொல்லிச்சு.

அடுத்தது ஓட்டு. கம்பெனிக்கு ஒரு ஓட்டு, ஃபோன்ல போடுறது. திட்டத்துக்குப் போடுறது ரகசிய ஓட்டு கிடையாது. யாரு எதைக் கேட்டாங்கன்னு தெரியணும்லா, அதனால பேரோட திரையில ஓடும். எங்க கம்பெனியப் பதியும்போது மைதீன் நம்பரக் குடுத்திருந்தோம், அதனால ஓட்டுப் போடுறதுக்கான ஓடிபி அவன் ஃபோனுக்குத்தான் வரும். நான் ஹாலுக்கு வெளியில வந்து அவனக் கூப்பிட்டேன். "மைதீனு, ரெண்டாவத அமுக்கு"ன்னேன். "ம்"ன்னான்.

'ம்'ன்னா என்ன அர்த்தம் அண்ணாச்சி? சரின்னுதான?

திரையில ஒவ்வொண்ணா வருது. ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. மேலயும் கீழயுமா ஏறுது. கரூர் ரெண்டு. காரைக்கால் ரெண்டு. எல்லாம் நான் பேசிப் பேசி வாங்குனது. கடைசியில ரெண்டு பக்கமும் சரிக்குச் சரியா வந்து நிக்கி. ஒரு ஓட்டு பாக்கி. அப்ப வருது, 'கே.எம். நெட், புளியங்குடி: ஒண்ணு'ன்னு.

ஒரே ஒரு ஓட்டுல தோத்தேன். அந்த ஓட்டு என்னோடது.

பக்கத்துல இருந்தவரு என் கழுத்து அட்டையப் பாக்காரு, திரையப் பாக்காரு. "புளியங்குடி நீங்கதான சார்?"ன்னாரு. "ஆமா"ன்னேன். "புளியங்குடி ஒண்ணுதான் இருக்கா?"ன்னாரு. நல்ல மனுசன், எனக்கு ஒரு வழி தேடிக் குடுக்கப் பாத்தாரு. ஒண்ணுதான் இருக்கு, என்ன செய்ய.

ஊருக்கு வந்து பஸ்ஸ விட்டு இறங்குன கையோட, பையத் தூக்கிக்கிட்டே அவனத் தேடிப் போனேன். வடக்குத் தெருவுல போஸ்ட்டு மேல இருக்கான். கீழ நின்னு கேக்கேன்.

"ஏன்ல இப்படிப் பண்ணுன?"

"நல்லாப் பேசுன லிங்கம். ஃபோன்ல லைவ்வாக் காட்டுனாங்க, பாத்தேன். எனக்கே கண்ணு கலங்கிட்டு"ங்கான் மேல இருந்து.

"அப்புறம் ஏன்ல ஒண்ண அமுக்குன?"

வயர வாயில கடிச்சுக்கிட்டு இருந்தான், அதை எடுத்துட்டுச் சொல்லுதான், "அடுத்த தடவ ஆள் எடுக்கும்போது அந்தப் புள்ள விண்ணப்பம் போடணும்லா? நீ சொல்லுத மாதிரி அவன்கிட்டப் பேசி, இவன்கிட்ட வாங்கி, பங்கு வச்சு, நம்ம கைக்கு வந்து சேர எத்தனை வருசமாகும்? அதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு வயசு தாண்டிரும்."

"அதை முன்னாலயே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன். மாடியில."

தெருவுல நாலு பேரு வேடிக்கை பாக்காங்க. நான் கீழ, அவன் மேல. அண்ணாந்து பாத்துச் சண்டை போடுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கழுத்து வலி வந்துரும். சரி, இவன்கிட்ட இனிமே பேசுறதில்லன்னு அங்கயே முடிவு பண்ணிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அதுல இருந்து பேசலை. தொழில் பாட்டுக்குத் தொழில் நடக்கு. ஒரே ரூமு, எதிரெதிர் மேசை. ஏதாவது சொல்லணும்னா கோமதிக்கு ஃபோன் போட்டுச் சொல்லுவேன், அவ அவனுக்குப் போட்டுச் சொல்லுவா. அவன் ஃபோன் எடுத்து, "சொல்லு தங்கச்சி"ம்பான், எனக்கு எதிர்லயே. பெறகு பதில் அதே வழியாத் திரும்பி வரும். கொஞ்ச நாள்ல அவளுக்கு அலுத்துப் போச்சு. "உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன டவரா?"ன்னு வச்சுட்டா. அதுக்கப்புறம் யாரு கடைக்கு வாராங்களோ அவங்க வழியா. பில்லு கட்ட வாரவங்களுக்கு இப்ப பழகிப் போச்சு. உள்ள வரும்போதே, "என்ன சொல்லணும் அண்ணாச்சி?"ன்னு கேட்டுட்டுத்தான் உக்காருதாங்க.

திட்டத்துல முதல் வழி ஜெயிச்சதால ஆபீசர்மாரு ஊர் ஊராக் கிளம்பிட்டாங்க. முதல்ல எங்க வந்தாங்கங்கீங்க? புளியங்குடிக்கு! அவ்வளவு பெரிய ஹால்ல நம்ம ஊர் பேர நான் எடுத்துச் சொன்னேன்லா, அதோட மதிப்பு. லின்ஸி மேடமும் இன்னொரு ஆளும் லாட்ஜுல தங்கி மைதீன்கூட வேலை பாத்தாங்க. தெருத் தெருவாப் போயி வீட்டுல இருக்க இன்டர்நெட் பெட்டிகளை மாத்தி அமைச்சாங்க. நான் சும்மா இருக்கலை. டீ வாங்கிக் குடுத்தேன், எந்தத் தெருவுல நாய் கடிக்கும்னு சொன்னேன். மேற்பார்வைன்னு ஒருத்தர் வேணும்லா.

மைதீன் அந்த நாள்ல ஆளே மாறிட்டான். ஒரு நோட்டீஸ் போர்டு மாதிரி பலகைய மாட்டி வச்சுக்கிட்டு அந்த மேடம் சொல்லுததக் கேட்டு எழுதுதான், அழிக்கான், மறுபடி எழுதுதான். ஒருநாள் திடீர்னு மேசையத் தட்டிச் சிரிச்சான். ஏதோ வந்துருச்சு போல. சிரிச்சுட்டு என்னையத்தான் பாத்தான். பழக்கதோசம். டிஷ்ஷுல முதல் தடவ படம் வந்தப்பவும் என்னையப் பாத்துத்தான் சிரிச்சான். நான் காலண்டரப் பாத்துக்கிட்டு இருந்தேன். வேற என்ன செய்ய? பேச்சு இல்லலா.

அதுக்கப்புறம் ஊர்ல ஒரு புகார் கிடையாது அண்ணாச்சி. பூட்டிருச்சு, தொறக்கலை, சுத்துதுன்னு ஒருத்தரும் வாரதில்ல. சென்னையில நான் பேசுன பேச்சு அப்படி. அது எங்கெங்கயோ போயிருக்கும், யார் யாரோ பயந்திருப்பாங்க. புது எண்ணப் போட்டதும் ஒரு காரணம்னு சொல்லுதாங்க. இருக்கலாம். நான் இல்லன்னு சொல்லலை.

தங்கபுஷ்பமா? அதான் சொல்ல வாரேன். மறுபடியும் ஆள் எடுத்தாங்க. வீட்டுல கட்டில்ல உக்காந்துக்கிட்டு எங்க லைன்ல அப்பாவோட ஃபோன்லயே போட்டிருக்கு, முதல் தட்டுலயே போயிருச்சு. பரீட்சை எழுதிச்சு, வேலையும் கிடைச்சுட்டு. சங்கரன்கோவில்ல போஸ்டிங். இனிப்பு எடுத்துட்டு ஆபீசுக்கு வந்துது. மைதீன் மேசையில வச்சு, "எடுத்துக்கோங்க மாமா"ன்னுது. அவன் ஒரு லட்டு எடுத்துட்டு, பாதியக் காகிதத்துல மடிச்சு அவன் பொண்டாட்டிக்குன்னு பையில வச்சுக்கிட்டான். பெறகு என் மேசைக்கு வந்துது.

"நீங்க சென்னையில என்னையப் பத்திப் பேசுனீங்களாமே"ன்னுது.

"ஆமாம்மா"ன்னேன்.

"பேரு, அப்பா பேரு, எல்லாம்."

"ஆமா. ஹாலே அழுதுச்சு."

"அந்த வீடியோ நம்ம ஊர்ல எல்லார் ஃபோன்லயும் சுத்துச்சு. என்னையப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட, அழுதது நீதானாம்மான்னு கேட்டாங்க. நான் ஆட்டோவுல அழவே இல்ல அண்ணாச்சி. எங்கம்மாதான் அழுதாங்க."

அப்படியே என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கி. சந்தோசம் அதிகமானா சில பேருக்கு வார்த்தை வராது. நான் புரிஞ்சுக்கிட்டேன். "நல்லா இரும்மா"ன்னு லட்டு எடுத்துக்கிட்டேன். போகும்போது மைதீன்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போச்சு. அவசரம் போல. அன்னைக்கு அந்த லட்டு எனக்கு இறங்கலை. நெய்யி பழசா இருந்திருக்கும்.

இப்ப அடுத்த வருசத் திட்டத்துக்குக் கூட்டம். கோயம்புத்தூர்ல. மைதீனப் பேசச் சொல்லியிருக்காங்க அண்ணாச்சி! சின்ன ஊர்ல புது எண்ண எப்படிப் போட்டோம்னு அவன் சொல்லணுமாம். அதைக் கேட்டுட்டுத்தான் இந்த வேலையத் தொடரணுமா, நிறுத்தணுமான்னு ஓட்டுப் போடுவாங்களாம். இன்னும் எத்தனையோ ஊரு வரிசையில நிக்கி. அவன் சரியாச் சொல்லலைன்னா அவங்க கதி அவ்வளவுதான். இவனுக்கோ மைக்கக் கண்டா காச்சல் வரும். நிஜமாவே வந்துது, ரெண்டு நாள் படுத்துட்டான். முடியாதுன்னு சொல்லிட்டான் போல.

லின்ஸி மேடம் எனக்கு ஃபோன் போட்டுது. "சார், நீங்க கூட வந்தா அவரு வருவாரு. நீங்க பேச வேண்டாம், வந்தாப் போதும்"ன்னுது. பாத்தீங்களா, அவங்களுக்கே தெரியுது நான் இல்லாம நடக்காதுன்னு. நானும் நேரம் கிடைச்சா பேசலாம்னு கொஞ்சம் யோசிச்சு வச்சிருக்கேன். கேட்டா பேசுவேன். கேக்காட்டி என்ன, ஹால்ல உக்காந்திருப்பேன்.

தாராபுரம் வந்துட்டே! உங்க மக வந்து கூட்டிட்டுப் போகுமா? அப்ப உக்காருங்க, வெயில்ல ஏன் நிக்கணும். பஸ்ஸு டீக்கு நிறுத்துவான்.

அவன் இறங்கிட்டான் பாருங்க. டீக்கடைக்குப் போகாம எங்க போறான்? அந்தா, பஞ்சர் கடைக்குப் பக்கத்துல, சுவரப் பாத்து நிக்கான். வாய் அசையுதுல்லா? பேசிப் பாக்கான். கையப் பாருங்க, எங்க வைக்கன்னு தெரியாம இடுப்புல வைக்கான், முதுகுக்குப் பின்னால கட்டுதான். போஸ்ட்டுல நிக்கும்போது ஒரு நடுக்கம் இருக்காது அந்தக் கைக்கு.

நிறுத்திட்டான். மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கான். நேத்தும் இப்படித்தான். ஆபீசுக்குப் பின்னால நின்னு சொல்லிப் பாத்தான், எனக்கு உள்ள கேட்டுது. 'எல்லாருக்கும் வணக்கம். புளியங்குடியில நானும் என் கூட்டாளி குத்தாலிங்கமும் சேந்து'ன்னு ஆரம்பிப்பான். அந்த இடத்துல நின்னுருவான். திரும்பத் திரும்ப அங்கயேதான் நிக்கான். அதுக்கு மேல போக மாட்டேங்கு.

என் பேரு நீளம் அண்ணாச்சி. அதான். பள்ளிக்கூடத்துல இருந்தே அவன் என்னைய முழுப்பேரு சொன்னது கிடையாது, லிங்கம்தான். மேடையில முழுப்பேரு சொல்லணும்னு யாரோ சொல்லியிருக்காங்க. வாய்க்குள்ள வராம சிக்கிக்கிடுது. வேற ஒண்ணுமில்ல.

இல்ல அண்ணாச்சி, கண்ணுல ஒண்ணுமில்ல, ஜன்னல் காத்து.

எதிர்ல கேக்க ஒரு ஆள் இல்லாமப் பேசுனா யாருக்கும் அப்படித்தான் இருக்கும். சுவரப் பாத்துப் பேசுனா சுவரு என்ன தலையா ஆட்டும்? நான் இறங்கிப் போயி முன்னால நிக்கேன். லிங்கம்னே சொல்லுல, போதும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேன். அது பேசுனதுல சேராது.

இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கோங்க. உங்க மக வந்துட்டா சீட்டுலயே வச்சுட்டுப் போங்க. கண்டக்டர்கிட்ட மட்டும் சொல்லிருங்க அண்ணாச்சி, அவசரப்பட்டு விசில் அடிச்சிராம. கோயம்புத்தூர் டிக்கெட்டு, ரெண்டு பேரு கீழ இருக்கோம்னு.